டாக்டர் மகிழினி திரும்பிப் போகவில்லை, அக்கா

என் பூங்கொடி அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்க முடியவில்லை. அதனால் முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் கடைசி நாவல் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு அத்தியாயத்தையும் நானே எழுதினேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, நீ வழக்கமாகப் போடுகிற அதே காலை பத்து மணிக்கு, கைப்பேசியில் கதை போடுகிற அதே ஆப்பில், உன் பெயரிலேயே போட்டேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் ஊர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். காரணம் உண்டு. உன்னைப் பற்றி ஊரில் ஒரு கதை நடமாடுகிறது. புருஷன் விட்டுப்போன ஏக்கத்தில் டாக்டர் காதல் கதை எழுதி மனசை ஆற்றிக்கொண்டவளாம் நீ. பாவமாம். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் புருஷன், அந்தப் பல்லடத்துக்காரர், உன்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போனபோது உனக்கு முப்பத்தொரு வயது. ஒரு பை துணியோடு திருப்பூரில் என் வாடகை வீட்டுக்கு வந்தாய். மூன்றாவது நாள் பனியன் கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போனாய். கோர்ட்டுக்கு நீயே அலைந்து விவாகரத்து வாங்கினாய். தீர்ப்பு வந்த அன்று நீ அழவில்லை. கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு கதையின் முதல் வரியை அடித்தாய். 'டாக்டர் வெண்பா அன்று மூன்று உயிர்களைக் காப்பாற்றினாள். அவளை யாரும் காப்பாற்றவில்லை.' அந்த ஒரு வரியால் என்னை நீ பிடித்துவிட்டாய்.

ஆனால் முதல் நாவலில் எத்தனை கூத்து. ஹீரோ கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டே ஆபரேஷன் செய்தார். நோயாளியின் வலது மார்பில் இதயத்துடிப்பு கேட்டார். ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து உன் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன்.

ஒருநாள் கேட்டேன். "அக்கா, எங்க ஆஸ்பத்திரி டாக்டருங்க ஒருத்தர்கூட உன்ற கதையில வர்ற மாதிரி இல்ல. சொட்டைத் தலையும் சிடுசிடுப்பும்தான். எதுக்கு எல்லாக் கதையிலயும் டாக்டரையே வெக்கற? உங்க கம்பெனி ஆளுகளை வெக்கலாமல்லோ?"

நீ தலை நிமிராமலேயே சொன்னாய். "எங்க வலிக்குதுன்னு கேக்கறதே அவிய தொழிலு. என்ற வாழ்க்கையில யாரு புள்ள அப்படிக் கேட்டா? கதையிலயாச்சும் ஒருத்தன் கேக்கட்டும்."

மனசு உடைந்த ஒரு டாக்டர், இன்னொரு டாக்டரைச் சந்திக்கிறாள், மறுபடியும் வாழத் துணிகிறாள். உன் பதினொரு நாவலுக்கும் இதுதான் கதை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த படித்த மனிதர் ஒருவர் என் மேசையில் உன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே மாவுல சுட்ட தோசைதானுங்களே" என்றார். பசிக்கிறவர்கள் தினமும் தோசைதான் தின்கிறார்கள் என்று சொல்லத் தோன்றியது. அவர் காலில் தையல் போட்டிருந்தது, அதனால் விட்டுவிட்டேன். உன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், டீக்கு விடுகிற கால் மணி நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்பதை அவர் பார்த்ததில்லை.

இனி அந்தோணி மாஸ்டரைப் பற்றி. எழுதட்டுமா என்று அவரிடமும் கேட்டுவிட்டேன். உன்னிடம் போன வருடமே கேட்டிருக்கிறேன். "ஒளிச்சு வெக்கறதுக்கு நாங்க என்ன திருடுனோமா?" என்றாய்.

அவர் உங்கள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மனைவியைப் பறிகொடுத்தவர். இந்தக் கடைசி நாவலைத் தொடங்கியபோது, பெண்டாட்டி செத்துப்போன டாக்டர் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள நீ அவரிடம் போய் நேராகவே கேட்டாயாம். கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் கோபப்படவில்லை. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்தபோதும் அழுகை வரவில்லையாம். பத்து நாள் கழித்து, அடுக்கி வைத்த துணியில் அளவு மாற்றி வெட்டிவிட்டாராம். இருபது வருடத்தில் அப்படி நடந்ததேயில்லை. மேனேஜர் திட்டியபோது, எல்லோர் முன்னாலும் கத்திரி மேசையில் தலை வைத்து அழுதாராம். நீ அதை அப்படியே எடுத்துக்கொண்டாய். உன் டாக்டர் கதிரவன், தப்பான கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுத் திட்டு வாங்கி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து அழுகிற அத்தியாயம் அது. அதைப் படித்துவிட்டு மாஸ்டர் உன்னிடம் சொன்னது ஒரே வரி. "நான் அழுததுக்கு நீங்கதான் அர்த்தம் சொல்லிருக்கிய."

அதற்குப் பிறகு இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வருவார். நீ குழம்பு வைப்பாய். அவர் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பார், தென்னாட்டு ராகத்தில். உன் கொங்கு டாக்டர்களெல்லாம் அவர் வாயில் தூத்துக்குடி டாக்டர்கள் ஆவார்கள். நீ சிரிப்பாய். உன்னை அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அக்கா. தை மாதம் ரிஜிஸ்தர் கல்யாணம் என்று முடிவு செய்தீர்கள்.

ஐப்பசியில் உன் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. எத்தனை நாளாக வலித்தது உனக்கு? 'ஷிப்மென்ட் போகட்டும், பாத்துக்கலாம்' என்று எத்தனை முறை உனக்குள் சொல்லிக்கொண்டாய்? வார்டில் ஒவ்வொரு படுக்கையாகப் போய் எங்கே வலிக்கிறது என்று கேட்பவள் நான். என் வீட்டுக்குள் இருந்த உன்னிடம் ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போய் வருகிறேன்.

படுக்கையில் இருந்தபோதும் உன் கவலை டாக்டர் மகிழினியைப் பற்றித்தான். புருஷன் கைவிட்ட மகிழினி, மனைவியை இழந்த கதிரவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்ல இரண்டு அத்தியாயம் பாக்கி.

"நான் முடிக்கலீன்னா நீ முடிச்சிரு, தேனு" என்றாய்.

"பழைய புருசன் திருந்தி வந்தா?"

"வந்தா டோக்கன் வாங்கிட்டு வரிசையில உட்காரட்டும். அவன் மொறை வர்றப்போ பிபி பாத்து, மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பு. அவளுக்கும் அவனுக்கும் அவ்வளவுதான்."

தை பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போது நீ போய்விட்டாய்.

குன்னத்தூரில் அண்ணன் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தோம். காலை பதினொரு மணி இருக்கும். பல்லடத்துக்காரர் வந்தார். கையில் புதுச்சேலை, மஞ்சள், குங்குமம். யாரோ சொல்லி வைத்து வரவழைத்திருக்கிறார்கள். நம் அப்பாவோடு பிறந்த அத்தை எழுந்து வழிவிட்டார்.

"சாமி, வா. உன்ற கையால நெத்தியில பொட்டு வெய்யி. புருசன் உசுரோட இருக்கறப்போ அவ மூளியாப் போலாமா?"

அவர் குனிந்தார். நான் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

"வேண்டாமுங்க அத்தை. இவரு என்ற அக்காளுக்கு யாருமில்லீங்க."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எழவூட்டுல வந்து என்ன பேச்சுப் புள்ள இது? நாலு பேரு பாக்கறாங்க. மானத்தை வாங்காதே. எந்திரி."

"அவ உசுரோட இருக்கறப்போ இவரு வந்து வெச்சிருக்கோணுமுங்கண்ணா. கோர்ட்டுத் தீர்ப்பு என்ற பையிலதான் இருக்குது. எடுத்து எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி படிக்கட்டுங்களா?"

பல்லடத்துக்காரர் கொண்டுவந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அப்போதுதான் பார்த்தேன். உன் கம்பெனி ஆட்கள் வந்த வேனுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் பின்னால், வெயிலில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மாலை. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிற நிற்பு.

"மாஸ்டர், உள்ளே வாங்க" என்றேன்.

"இவரு யாரு?" என்றார் அத்தை.

"அக்காளைத் தை மாசம் கட்டிக்க இருந்தவருங்க."

அவர் வந்தார். மாலையைப் போட்டார். உன் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பொட்டு வைக்கவில்லை, எதையும் உரிமை கொண்டாடவில்லை. செக்கிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள். அவர் தனியாக இல்லை என்று காட்டத்தான் அப்படி நின்றார்கள் என்று எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்திருக்கும். அன்றிலிருந்துதான் அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

ஒரு மாதம் கழித்து, உன் புத்தகங்களைப் போட்டுக்கொண்டிருந்த பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. மிச்ச அத்தியாயத்தை வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"எங்க வாசகிகள் எல்லாம் குடும்பப் பெண்கள் மேடம். முதல் புருஷன் திருந்தி வர்றார், மகிழினி மன்னிச்சு ஏத்துக்கறா. இப்படி முடிச்சா அழுதுட்டே படிப்பாங்க."

"அக்கா சொல்லிட்டுப் போன முடிவு வேறங்க."

"அவங்கதான் இப்ப இல்லையே மேடம்."

"நான் இருக்கேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவர்கள் எல்லோருக்கும் என்னதான் வேண்டும் அக்கா? அண்ணன் வீட்டு வாசலிலும் அதையே கேட்டார்கள், புத்தகத்திலும் அதையே கேட்கிறார்கள். விட்டுப்போனவனிடமே ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அவர்களுக்குக் கதை முடிந்த மாதிரி இருக்கிறது.

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. இரண்டு அத்தியாயத்துக்கு நாலு மாதம் ஆனது. ஷிப்ட் முடிந்து வந்து எழுதுவேன், அடிப்பேன். மகிழினியின் பழைய புருஷன் முப்பத்தேழாம் நம்பர் டோக்கனோடு வந்தான். அவள் பிபி பார்த்தாள். உப்பைக் குறைக்கச் சொன்னாள். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். மத்தியானம் கேன்டீனில் கதிரவன் எதிரே உட்கார்ந்து, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றாள். மழை பெய்யவில்லை, வயலின் வாசிக்கவில்லை. உனக்கு இது போதுமா, தெரியவில்லை. எனக்கு இப்படித்தான் வந்தது.

போட்ட அன்றைக்கே கருத்துகள் வந்தன. குடும்பத்தைக் கெடுக்கிறாய் என்று சிலர் திட்டினார்கள். திட்டட்டும். அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'எங்க ஊட்ல என்னையத் திரும்பப் போகச் சொல்றாங்க. நான் போக மாட்டேனுங்க. மகிழினி போகலைல்லோ.' இதைப் படித்தபோது வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். கூட இருந்த நர்ஸ் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

இப்போது அதைப் புத்தகமாகப் போடுகிறோம். பதிப்பகம் இல்லை. பனியன் பெட்டிக்கு அட்டை அச்சடித்துக் கொடுக்கிற பிரஸ்காரர் ஒப்புக்கொண்டார். அவர் மனைவி உன் வாசகியாம். முதல் பக்கத்தில் யாருக்குச் சமர்ப்பணம் என்று கேட்டார்கள். மாஸ்டர் பெயரைக் கொடுத்தேன்.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கிற தாளை எடுத்துக்கொண்டு நேற்று அவரைப் பார்க்கப் போனேன்.

"வேண்டாம்மா. ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும். அவுகளுக்குக் கெட்ட பேரு வந்திரும்" என்றார்.

"ஊரு பேசட்டும்னு சொல்லிட்டுத்தான் அவ போனாளுங்க மாஸ்டர்."

தாளைக் கையில் வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"'அந்தோனி'ன்னு ரெண்டு சுழி போட்ருக்காவ. என் பேருக்கு மூணு சுழி 'ணி'. மாத்தச் சொல்லுங்க."

மாற்றச் சொல்லிவிட்டேன், அக்கா.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு குன்னத்தூருக்குப் போவேன். அண்ணன் கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். அவர் வாங்கிப் படிக்கிற வரைக்கும் போவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
உன் கதைக்கு மட்டுமல்ல, உனக்கும் சாட்சியாக இருப்பவள்,
தேன்மொழி