ஏழாம் பலகையில் ஏழு ஓட்டை

திங்கட்கிழமை, ஜூன் மாதம்

அன்பு மகள் ரெகுலாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலியும் ஒரு குறையும் இல்லாமல் சுகமாக இருக்கிறது. அங்கே நீயும் கேலமும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்கு முதலில் தொண்டைதான் கட்டும். உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது, பதில் இல்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. செப்டம்பரில் ஊருக்கு வந்து கேலமைக் கல்யாணம் செய்துகொள்கிறேன், ஆனால் கிறிஸ்டன் மாமாவை நீதான் நேரில் போய்க் கூப்பிட வேண்டும், ஞானஸ்நானத்தன்று என்னைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர், அவர் இல்லாமல் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கூப்பிடவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது, கூப்பிட்டுவிட்டேன் என்று எழுத வழியில்லை, அதனால் பேனாவையே தொடவில்லை. இப்போது தொட்டிருக்கிறேன் என்றால் சொல்ல விஷயம் இருக்கிறது. ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன், கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்கும் உன் பழக்கத்தை இன்றைக்கு விட்டுவிடு.

முதல் புல்வெட்டு முடிந்துவிட்டது, மழைக்கு முன்னால் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது, இந்தத் தடவை உன் பழைய பள்ளிக்கூடப் பையில். குளிர்காலத்தில் கண்ணில் புரை எடுத்த பிறகு எனக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எதிர்மலையில் மேயும் பசுவின் காதுச்சீட்டைப் படிக்கிறேன் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார், அவ்வளவு இல்லை, ஆனால் பசுவை எண்ண முடிகிறது. அந்தக் கண்ணை நம்பித்தான் சனிக்கிழமை ஊர்த் துப்பாக்கி சுடும் விழாவுக்குப் போனேன். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மங்கலாகத் தெரிந்ததால் போகவில்லை, இந்த வருடம் பதக்கம் இல்லாமல் வீட்டுக்கு வருவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். அப்பாவுக்கு வழக்கம்போலத் தொத்திறைச்சி சுடும் வேலை, விடிந்ததும் கரிமூட்டையோடு போய்விட்டார். நான் தாத்தாவின் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன், வழியில் ரொட்டிக்கடையில் இறங்கி அப்பாவுக்கு இரண்டு பாதாம் ரொட்டியும் வாங்கினேன்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அது கொஞ்ச நேரம் கழித்து. காலை அருமையாக இருந்தது, அதை முதலில் சொல்கிறேன். மேகம் இல்லை, மலை இடுக்கிலிருந்து வரும் காற்று மட்டும் கொஞ்சம், அந்தக் காற்று எனக்குப் பழக்கம், குறிப்பலகையின் இடது ஓரத்துக்குக் கால் பங்கு தள்ளிக் குறி வைத்தால் போதும். துப்பாக்கி மன்றத்தில் பாதி ஊர் கூடியிருந்தது, தபால்காரர், பல் டாக்டர், பால் பண்ணைக்காரர்கள், எல்லாருடைய தோளிலும் ஒரு துப்பாக்கி. சுடும் தலைவர் காஸ்பர் வந்த வரிசைப்படி எண் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கிறிஸ்டன் மாமா. அவருக்கு ஏழு, எனக்கு எட்டு. காஸ்பர் பேனாவை நிறுத்தி, வேறு எண் வேண்டுமானால் தருகிறேன் என்று மெதுவாகக் கேட்டார். ஆறு வருடமாக நாங்கள் வணக்கம் தவிர வேறு பேசுவதில்லை என்று இந்த ஊரில் கோழிக்குக்கூடத் தெரியும். எனக்கு எட்டு போதும், எழுதுங்கள் என்றேன். மாமா திரும்பவில்லை.

பாயில் படுத்து, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சேர்த்ததும் எனக்கு வயது போய்விட்டது, ரெகுலா. ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கி, எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் தோட்டாவை உள்ளே ஏற்றும் அந்த போல்ட்டை நேராகப் பின்னால் இழுத்து நேராக முன்னால் தள்ளும்போது வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகிறது. மருந்து வாசனை, சூடான வெற்றுத் தோட்டாக்கள் பலகைத் தரையில் உருளும் சத்தம், முந்நூறு மீட்டருக்கு அப்பால் பள்ளத்தில் இருப்பவர்கள் பலகையை இறக்கி ஓட்டையில் அடையாள வட்டு குத்தி மறுபடி ஏற்றும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது, இதெல்லாம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இரண்டு வருடத்தில் மறந்தே போயிருந்தேன். ஒரு தோட்டாவுக்கு அதிகபட்சம் நாலு புள்ளி. முதல் பன்னிரண்டு தோட்டாவில் நாற்பது எடுத்தேன், பின்னால் பல் டாக்டர் விசிலடித்தார். மாமாவுக்கு முப்பத்தைந்து. அவர் இருபது வயதில் ராணுவத்துக்குப் போன வருடத்திலிருந்து ஒரு வருடம்கூட இலைமாலைப் பதக்கம் தவறியதில்லை, அது உனக்குத் தெரியும், அவர் வீட்டுச் சுவரில் எண்ணியிருக்கிறாய். எங்கள் வயதுக்குப் பதக்கத்துக்கு ஐம்பத்தாறு வேண்டும். அவருக்கு இன்னும் இருபத்தொன்று, ஆறு தோட்டா, ஒரு நிமிடம்.

கடைசிச் சுற்றில் நான் நாலு தோட்டா சுட்டுவிட்டேன். அப்போது பக்கத்தில் மாமா உச்சுக் கொட்டும் சத்தம், காதுமூடிக்குள்ளும் கேட்டது. சின்ன வயதிலிருந்தே குறி தவறினால் அப்படித்தான் கொட்டுவார். நான் ஒரே ஒரு கணம் அவர் பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். திரும்பிக் கன்னத்தைச் சேர்த்து, நடுவில் வைத்து, அழகாக விசையை அழுத்தினேன். போல்ட்டை இழுக்கும்போதுதான் பலகைக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தேன். ஏழு. பசுவை எண்ணுகிற கண் எண்ணைப் பார்க்கவில்லை. மீதி ஒன்றை என் பலகையில் போட்டுவிட்டுப் படுத்தே கிடந்தேன்.

பள்ளத்திலிருந்து காஸ்பருக்குத் தொலைபேசி வந்தது, எட்டாம் பலகையில் ஐந்து, ஏழாம் பலகையில் ஏழு ஓட்டை என்று. தப்பு என்னுடையதுதான் என்று கையைத் தூக்கிவிட்டேன், எனக்கு அந்தத் தோட்டாவுக்குச் சைபர். ஆனால் மாமாவுடைய துப்பாக்கிக்கும் என்னுடையதற்கும் ஒரே தோட்டா, ஓட்டையைப் பார்த்து எது யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இப்படி வந்தால் ஏழில் நல்ல ஆறை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் மன்றத்தில் வழக்கம். காஸ்பர் கூட்டிப் பார்த்தார், கீழே இடது ஓரத்தில் இருந்த இரண்டு புள்ளி ஓட்டையை விட்டுவிட்டு எண்ணினால் சரியாக ஐம்பத்தாறு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. என் தப்பு அவருக்கு நல்லதாக முடிந்தது என்று நினைத்தேன். மாமா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "அந்த ரெண்டு என்னுது காஸ்பர், இழுக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நாலு புள்ளி ஓட்டையில ஒண்ணு அவளுது, அதை அடிச்சிரு" என்றார். காஸ்பர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அடித்தால் ஐம்பத்துநாலு. அடித்தார்கள். எனக்குச் சைபரோடு சேர்த்து ஐம்பத்தேழு, பதக்கம் கிடைத்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் கையிலிருந்து ஒரு புள்ளிகூட வாங்க மாட்டாராம், அதற்காகத் தன் வாழ்நாள் வரிசையையே உடைத்துக்கொள்வாராம், இப்படித்தான் நினைத்தேன். அப்பாவின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு தட்டில் இரண்டு தொத்திறைச்சியும் ரொட்டியும் வைத்து என் கையில் கொடுத்து, எங்கிட்ட முணுமுணுத்து என்ன ஆகப்போகுது, அவர்கிட்ட போய் முணுமுணு என்று அனுப்பிவிட்டார். கொட்டகையின் கடைசி மேசையில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்தேன், வணக்கம் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று நேராகக் கேட்டேன். அவர் கடுகுச் சாந்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அது அப்பாவோட துப்பாக்கி போட்ட நாலு. என்னுது இல்லாததை என்னுதுன்னு எழுதிக்கிட்டா, அப்புறம் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ரெகுலா, தாத்தா அந்தத் துப்பாக்கியை எனக்குத்தான் கொடுத்தார் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். தாத்தா யாருக்கும் கொடுக்கவில்லை, யாருக்கு என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். அடக்கம் முடிந்த மறுநாளே மாமா மேய்ச்சல் மலைக்கு ஏற வேண்டியிருந்தது, பசுக்கள் துக்கம் பார்க்காது. அவர் போன அன்று மத்தியானம் நான் காரை எடுத்துக்கொண்டு போய்த் தாத்தா வீட்டு அலமாரியைத் திறந்து எடுத்து வந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து அதைத் துடைத்து வைத்தது நான், அதனால் என்னுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலையுதிர்காலத்தில் அவர் பசுக்களோடு இறங்கி வந்து வெறும் அலமாரியைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன், அவர் கேட்கவேயில்லை. நீயும் இத்தனை வருடம் மாமாவைத்தான் பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், நானும் நினைக்க விட்டேன். அதற்கு உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அங்கேயே, தபால்காரர் அடுத்த மேசையில் காதை நீட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்: "அண்ணா, நான் கேக்காம எடுத்தேன். திருட்டுத்தனமாத்தான் எடுத்தேன்." மாமா வாயில் இருந்ததை மென்று முடித்தார். "இதைச் சொல்ல உனக்கு ஆறு வருஷமும் என் பலகையில ஒரு ஓட்டையும் வேண்டியிருந்துதா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, டாக்டர் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் தேய்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் மரச்சட்டத்தில் சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் போல்ட்டை ஒரு தடவை இழுத்துத் தள்ளினார், விரலை மோந்து பார்த்தார், எண்ணெய் அதிகம், அந்தக் காலத்திலும் இப்படித்தான் ஊற்றித் தொலைப்பாய் என்றார். கட்டையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடமே நீட்டி, என் வீட்டில் ஈரம், துருப்பிடித்துவிடும், உன்னிடமே இருக்கட்டும், சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து சுடுவேன், தோட்டா நீ வாங்கி வை என்றார்.

அப்போதுதான் உன் கல்யாணத்தைச் சொன்னேன். செப்டம்பர் பதினான்கு, ஞானத்தகப்பன் இல்லாமல் கோயிலுக்குள் வர மாட்டாளாம் என்றேன். அவர் தட்டில் ஒட்டியிருந்த கடுகுச் சாந்தை ரொட்டியால் வழித்தார். கடைசியில் மாமா, கறுப்புக் கோட்டை ஈஸ்டருக்கே தையற்காரியிடம் தளர்த்தக் கொடுத்து வாங்கி வைத்துவிட்டேன், கூப்பிடத்தான் ஆளைக் காணோம் என்றார். ஊரெல்லாம் உன் கல்யாணப் பேச்சு, அவருக்குத் தெரியாமல் இருக்குமா. ஈஸ்டரிலிருந்து அந்தக் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நான் இங்கே பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கிளம்பும்போது கொட்டகையில் எல்லாரையும் நிறுத்தி, நான் பதினெட்டில் எடுக்க முடியாததை இவள் பதினேழில் எடுத்தாள், பாருங்கள் என்று என் சட்டையில் பதக்கத்தைத் தன் கையாலேயே குத்திவிட்டார். நான் கழற்றவில்லை, இப்போதும் அடுப்படி ஏப்ரனில்தான் இருக்கிறது. அப்பா கோழிக்கூட்டுக்குப் போகும்போதுகூட சல்யூட் அடித்துவிட்டுப் போகிறார்.

உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதி இந்தக் கடிதத்தோடு குறைந்துதான் போயிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். கேலமோடு சண்டை வந்தால் அன்றைக்கே சத்தம் போட்டுவிடு, வணக்கம் சொல்லிக்கொண்டு ஆறு வருடம் ஓட்டாதே. விமானச் சீட்டை இப்போதே வாங்கு. கம்பளிக் கழுத்துத்துணி ஒன்று அனுப்பியிருக்கிறேன், சிவப்பு உனக்குப் பிடிக்காது என்று தெரியும், போட்டுக்கொள். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து, நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும், அப்பாவின் முத்தமும் இதோடு.

ஒன்றை மறந்துவிடாதே. விருந்தில் யார் யாரை எங்கே உட்கார வைப்பது என்று நீ எழுதி அனுப்பும்போது மாமாவையும் என்னையும் பக்கத்துப் பக்கத்தில் போடு, இது அவரே கேட்டது. ஆனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாற்காலியில நம்பரைப் பெருசா எழுதச் சொல்லு. இல்லேன்னா இவ என் தட்டுல இருக்கறதையும் சாப்பிட்டுருவா." ஏழையும் எட்டையும் கொடு, ரெகுலா. பெரிதாக எழுது.

உன் வரவுக்கு நாள் எண்ணும்,
அம்மா மார்லிஸ்
(ஐம்பத்தேழு புள்ளி)