இறந்தவர் வரிசையில் ஒத்திலியா

சான் ஹோசே, ஏரிக்கரை
3 நவம்பர் 1999, புதன்

என் மகளே ஒத்திலியா, தேவமாதா உனக்கு முன்னால் நடக்கட்டும்.

திங்கட்கிழமை, முதல் தேதி, விளக்கு வைக்கிற நேரத்தில் நம் வீட்டில் இருந்தவர்கள்: நான். உன் அப்பா. உன் அத்தை பெலிசியானா. செபம் சொல்லும் தோன் சிரிலோ. இறந்தோர் நாளுக்காக வீடுவீடாகப் போகும் முன்னோர் மண்டையோட்டைக் கோவிலிலிருந்து தட்டில் ஏந்தி வந்த இன்னொருவர். எதிர்வீட்டு தோன்யா ஹசிந்தா, அவள் மருமகள், மருமகள் இடுப்பில் குழந்தை. தங்கியிருந்த முதுகுப்பைக்காரர்களில் ஹாலந்து தேசத்து அன்னலீஸ், அவள் துணை யோஸ்ட், ஜப்பான்காரர் மசாதோ, வயிறு சரியில்லாமல் இடிபாடு பார்க்கப் போகாமல் தூளியிலேயே கிடந்த அர்ஜென்டினாப் பெண். பன்னிரண்டு பேர். மண்டையோட்டைச் சேர்க்கவில்லை.

நான் எண்ணிக்கையில் தப்பமாட்டேன் என்று உனக்குத் தெரியும். யார் எந்த வலைத் தூளியில் படுத்தார்கள், எத்தனை ராத்திரி, இங்கிருந்து எங்கே போகிறார்கள், எல்லாம் நோட்டில் இருக்கிறது. நீ போன பிறகு கடைசிப் பத்தியை இன்னும் கவனமாக எழுதுகிறேன். "தெற்கே" என்று எவராவது சொன்னால் அவர்களுக்கு அவரைக் கறி கூடுதலாக ஒரு கரண்டி.

இந்த வருஷம் மண்டையோடு நம் வீட்டுக்கு வர வேண்டுமென்று செப்டம்பரிலேயே பேர் கொடுத்துவிட்டேன். ஏரிப்பக்கத்தில் முதல் வீடு நம்முடையது. கறுப்புச் சோளக் கஞ்சி வைத்தேன், இலைக் கொழுக்கட்டை நாற்பத்தெட்டு வைத்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். தோன் சிரிலோ செபமாலை முடித்து, இறந்தவர்கள் பேரை வாசிக்க ஆரம்பித்தார். என் அம்மா பேர். உன் தாத்தா பேர். பிறந்த அன்றே போன உன் தம்பி பேர். ஒவ்வொரு பேருக்கும் நாங்கள் "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம்.

அப்புறம் அவர் வாசித்தார்: "ஒத்திலியா கொவோ."

பழக்க தோஷம், எல்லோரும் "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டோம். உன் அப்பாவும் சொன்னார், தலை குனிந்தபடி. தோன் சிரிலோ அடுத்த பேர் வாசிக்க வாயெடுத்தபோது உன் அப்பா எழுந்தார், நாற்காலி பின்னால் விழுந்தது.

"நிறுத்துய்யா! ஒத்திலியா உசுரோட இருக்கா!"

"தாள்ல இருக்கறதைத்தானே வாசிக்கிறேன், நசாரியோ" என்றார் தோன் சிரிலோ.

"தாளும் நீயும்! ஒத்திலியா சாகல. என் பொண்ணு ஒத்திலியா சாகல!"

மூன்று வருஷம் ஆகப்போகிறது, மகளே. நீ அந்த சுவிஸ் பெண்ணோடு, பதினைந்து நாளில் வருகிறேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு, சொல்லாமல் முதல் படகேறிப் போன நாளில், "அவளா வந்து சொல்ற வரைக்கும் அந்தப் பேர் இந்த வீட்ல வரக்கூடாது" என்றாரே, அந்த மனுஷன் உன் பேரை மூன்று தடவை சொன்னார். தோன்யா ஹசிந்தா என் காதருகே, "அடியே பெத்ரோனிலா, ஊமைக்கு வாய் வந்துடுச்சு" என்றாள். மசாதோ இதுவும் சடங்கு என்று நினைத்துக் கைகூப்பி, "ஒத்திலியா சாகல" என்று திருப்பிச் சொன்னார். அர்ஜென்டினாப் பெண் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. உன் அப்பா வெளியே போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டார். கஞ்சி குடிக்க வரவில்லை.

தோன் சிரிலோ தன் இறந்தவர் நோட்டில் உன் பேரை ஏற்கெனவே ஏற்றிவிட்டாராம். அடித்துவிடுங்கள் என்றேன். "ஏத்தின பேரை நான் அடிக்கறதில்ல. நேர்ல வந்து நின்னு, நான்தான் அதுன்னு சொல்லட்டும்" என்கிறார். பிடிவாதக்காரர்.

இது எப்படி நடந்தது என்று கேட்பாய். அவர் கண்ணாடி பழசு, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. உயிரோடிருப்பவர்கள் தாளையும் மற்ற தாளையும் மாற்றி எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

போன வருஷம் புயலுக்குப் பிறகு, "உயிரோடு இருக்கிறேன், பயப்படாதே" என்று ஒரு வரி போட்டாயே, அந்த அட்டையில் இருந்த தங்கும் விடுதியின் பேரை அன்னலீஸிடம் எழுதிக் கொடுத்து, இந்தக் கடிதத்தையும் அவளிடமே அனுப்புகிறேன். அவர்கள் நிகராகுவா வழியாகத்தான் போகிறார்கள். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதினேன்.

உன் அம்மா
பெத்ரோனிலா

*

சான் ஹோசே
29 நவம்பர் 1999

மகளே,

முந்தின கடிதம் வந்ததா? இதை இரண்டு ஜெர்மன் பெண்களிடம் கொடுக்கிறேன். அதில் ஒருத்திக்கு உன் உயரம். உன் நீலப் போர்வையைக் கொடுத்தேன். மூன்று ராத்திரி போர்த்திக்கொண்டாள். துவைக்க மனமில்லாமல் இன்னும் மடித்தே வைத்திருக்கிறேன். வேறு ஊர்த் தாயின் மகள் போர்த்தியது, அதில் எனக்கு என்ன இருக்கிறது சொல்.

உன் அப்பா இப்போது ப்ளோரெஸ் துறையிலிருந்து தன் படகில் ஏற்றி வருகிற ஒவ்வொருவரையும், "எங்கேருந்து வர்றீங்க? நிகராகுவா போனீங்களா? அங்க தீவு ஒண்ணு இருக்காமே?" என்று கேட்கிறாராம். பேர் மட்டும் சொல்வதில்லை. அன்று சொன்னதோடு சரி.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. உனக்காக ஒன்பது நாள் செபம் வைத்திருக்கிறேன்.

அம்மா

*

ஒமெத்தெப்பே தீவு, நிகராகுவா
17 டிசம்பர் 1999

அம்மா,

செத்தவள் எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே மசாதோ வந்து சேர்ந்துவிட்டார். நான் வேலை செய்யும் விடுதியின் பதிவேட்டில் தன் பேரை எழுதியபடி, எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். பெத்தேன் மாநிலம், சான் ஹோசே, பேர் ஒத்திலியா என்றேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அப்புறம் என் கையைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். சூடாக இருக்கிறதே என்றார். அன்று முழுக்கச் சிரித்தேன். சாயங்காலம் துவைத்த விரிப்பு மடிக்கும்போது அழுகை வந்தது. எங்கள் முதலாளியம்மா, "என்னடி, செத்ததுக்கு நீயே அழுதுக்கறியா?" என்று கேட்டாள்.

நான் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். எழுத உட்கார்ந்தால் வந்துவிடுவேன் என்று பயம். வந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அதைவிடப் பயம்.

நன்றாகத்தான் இருக்கிறேன். முதல் வருஷம் நானும் முதுகுப்பைக்காரியாகத் திரிந்தேன். லாரிகளில் பின்னால் ஏறிப் போவோம், ஒரு பொட்டலம் சோற்றை இரண்டு நாள் வைத்துத் தின்போம், சோப்பை நான்காக வெட்டிப் பகிர்வோம். நம் வீட்டுத் தூளியில் கிடந்தவர்கள் ஏன் உன் அவரைக் கறியை அப்படி வழித்துத் தின்றார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது படுக்கை விரிக்கிறேன், சமைக்கிறேன். எனக்கு ஏரி முன்னால் இருந்தால்தான் தூக்கம் வருகிறது, அதனால் இங்கேயே நின்றுவிட்டேன். ஆனால் இந்த ஏரியில் கடல் மாதிரி அலை. துணி துவைக்கும் கல் இல்லை. எதிர்க்கரை தெரிவதில்லை அம்மா, நம் ஊரில் எதிர்க்கரையில் யார் வீட்டு அடுப்பு புகைகிறது என்றே சொல்லிவிடலாம்.

வருகிறவர்கள் நம் ஊர்ப் பக்கத்துத் திக்கால் இடிபாட்டில் எடுத்த படங்களை எனக்குக் காட்டுகிறார்கள். "நீ கட்டாயம் போகணும், காலைல அஞ்சு மணிக்குக் கோபுரத்து மேல ஏறி உக்காரணும்" என்கிறார்கள். சரி, போகிறேன் என்பேன்.

ஒரு குறை சொல்லவா? வந்த பெண்கள் எல்லோரிடமும், "நீ புறப்பட்டப்போ உங்கம்மா அழுதாங்களா?" என்று கேட்பாய். பதினெட்டு வயதில் நான் உன் பக்கத்தில் நின்று சோள ரொட்டி தட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கும் போகணுமா என்று என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

இப்போது நான் கேட்கிறேன். தோன் சிரிலோ தாளை மாற்றினார் என்கிறாய். இரண்டு தாள் ஏது அம்மா? உயிரோடிருப்பவர்களுக்கான வேண்டுதலை நாம் மனதுக்குள்தானே சொல்லுவோம். எழுதிக் கொடுப்பது செத்தவர்கள் பேர் மட்டும்தான். எத்தனை வருஷம் அந்தத் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! அப்படியென்றால் யாரோ அதில் என் பேரை எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுத வராது. கை உன்னுடையது. வாய் யாருடையது? அவர் சொல்லி நீ எழுதி, அப்புறம் ஊரார் முன் வெட்கப்பட்டு அவர் கத்தினாரா? அப்படியென்றால் நான் வரமாட்டேன். என்னைச் செத்தவளாக எழுதச் சொன்னவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இங்கே என்னோடு வேலை செய்யும் ருபீனா பிப்ரவரி கடைசியில் தெற்கே புறப்படுகிறாள், பெரு வரைக்கும். கூப்பிடுகிறாள். உன் பதில் வரும்வரை நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

உண்மையை எழுது.

ஒத்திலியா

*

சான் ஹோசே
18 ஜனவரி 2000, செவ்வாய்

ஒத்திலியா,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு கனடாக்காரர் சட்டைப் பையில் வந்தது. அன்றே பதில் எழுதியிருக்கலாம். முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது.

வாயும் என்னுடையதுதான். உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தாள் மாறியது என்று நான் எழுதியது பொய்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். செபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மாவு மூட்டையில் அச்சடித்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள். நான் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் யோசித்து எழுதுவதுதான், கை தவறி வந்தது என்று சொல்ல முடியாது. அம்மா பேர் எழுதினேன், மாமனார் பேர் எழுதினேன், குழந்தை பேர் எழுதினேன். அதன் கீழே உன் பேரை எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். உன் பேரை மனதுக்குள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன் மகளே. கிணற்றடியில் சொல்வேன், மாவு பிசையும்போது சொல்வேன், உதடு அசையக் கூடாது. அவர் சொல்லக் கூடாது என்றார், நானும் மனைவியாயிற்றே என்று கீழ்ப்படிந்தேன். சத்தம் போட்டுச் சொல்லப்படுகிற பேர் இந்த வீட்டில் செத்தவர்களுடையது மட்டும்தான். வீடு நிறைய ஆள் இருக்கும்போது ஒரே ஒரு தடவை உன் பேர் காதில் விழ வேண்டும் போலிருந்தது. ஒரு வருஷமாக உன்னிடமிருந்து வரியில்லை. உயிரோடிருப்பவளுக்கு அப்படிச் செய்யலாமா என்று அப்போது தோன்றவில்லை. தோன் சிரிலோ வாசித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லோரும் "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

உன் கடிதம் வந்த அன்றே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பரிகாரமாகச் சில அருள்நிறைந்த மந்திரம் செபிக்கக் கொடுப்பார் என்று நினைத்தேன். "புருஷன்கிட்ட சொல்லும்மா. அதுதான் பரிகாரம்" என்றார்.

"சாமி, ஐம்பது அருள்நிறைந்த மந்திரம் சொல்றேன்."

"வேணாம்."

"முழங்கால்ல நின்னு."

"பெத்ரோனிலா, சந்தையா இது? வீட்டுக்குப் போ."

சொன்னேன். படகிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பேரை நான்தான் எழுதினேன்" என்றேன். இறைப்பதை நிறுத்தவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் இறைத்துக்கொண்டே இருந்தார். அன்று அக்காள் வீட்டில் சாப்பிட்டார், மறுநாளும் அங்கேயே. உன் அத்தை பெலிசியானா வந்து, "என்னத்தச் சொன்ன அவன்கிட்ட? என் கோழி ரெண்டு தீர்ந்துபோச்சு" என்றாள்.

மூன்று நாள் கழித்து, மத்தியானம், முதுகுப்பைக்காரர்கள் எல்லோரும் குளிக்கப் போயிருந்த நேரம் வந்தார். வாசற்படி தாண்டாமல் நின்றார்.

"நான் சொல்லக் கூடாதுன்னதுக்காக அவளச் செத்தவங்களோட எழுதினியா?"

"ஆமா."

"வேற வழியே தெரியலயா உனக்கு?"

"தெரியல."

"அப்ப நீ எழுதல, நான்தான் எழுதினேன்" என்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். அவர் மேல் கோபம் வேண்டாம். வேண்டுமென்றால் என் மேல் வைத்துக்கொள், எனக்குச் சேர வேண்டியதுதான். கேட்டிருக்கலாம் என்றாயே, அதையும் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாய் என்றுதான்.

இன்று காலை இதை எழுத உட்கார்ந்தபோது எதிரில் வந்து அமர்ந்தார்.

"நானும் ஒரு கடுதாசி சொல்றேன், எழுது."

"சொல்லுங்க."

"ஒத்திலியா."

எழுதினேன். காத்திருந்தேன். இரண்டு படகு துறைக்கு வந்து திரும்பிப் போயிற்று. அடுப்பில் அவரைக் கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, எழுந்து தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

"அப்புறம் என்ன எழுத?"

"அவ்வளவுதான். எழுதினத வாசி."

வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அவர் கடிதத்தைத் தனித் தாளில் இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையது. வாய் அவருடையது.

தெற்கே போகணும் என்றால் போ. வா என்று நான் எழுதமாட்டேன். ஊர் ஊராகத் திரிகிற பெண்கள் எத்தனை பேர் இங்கே படுத்து எழுந்தார்கள், வீட்டுக்குப் போ என்று ஒருத்தியிடமும் நான் சொன்னதில்லை, உன்னிடம் மட்டும் எப்படிச் சொல்வேன். ஆனால் போகிறாயா, வருகிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். உன் அப்பா இப்போது ஒவ்வொரு படகாகப் போய்ப் பார்க்கிறார், அவர் படகு இல்லாததையும். எதுவானாலும் பிப்ரவரிக்குள் ஒரு வரி எழுது. சீக்கிரம் எழுது.

உன் அம்மா
பெத்ரோனிலா