வளையப் படியில் வெறுங்கால்

அப்பா,

உங்கள் பச்சைப் பையை இன்றைக்குத் திறந்தேன். சந்தன வாசம் வந்தது. இரும்புப் படிகளைச் சேர்த்துக் கட்டும் பட்டியில் அம்மா வைத்த பொட்டு இன்னும் இருக்கிறது. காய்ந்துபோய், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. அந்த வாசம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களையும் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

குளியலறைக்குள் நிலத்தில் குந்தியிருந்து எழுதுகிறேன். நம்முடைய றெக்ஸ்டேல் அப்பார்ட்மென்டில் உள்ளே பூட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான். தாள் சத்தம் அம்மாவுக்குக் கேட்காமல் இருக்கக் காற்றாடியைப் போட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. கோபத்தை எழுதுவது சுலபம், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பின்னேரம் உங்கள் கூட்டாளி குணா அங்கிள் போன் எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, வேட்டை சீசன் தொடங்கப்போகுது. அவன் பாவிச்ச அந்த வளையப் படி சும்மாதானே கிடக்கு? நாளைக்குக் காலமை வந்து எடுக்கட்டே?”

“ஓம் அண்ணை, கொண்டுபோங்கோ. அவரின்ரை ஞாபகமா உங்களிட்டையே இருக்கட்டும்.”

“அதிலை வெறுங்காலோடை நிண்டாத்தான் சுகமெண்டு அவன் எனக்குச் சொன்னவன். எனக்கும் சீனி வருத்தம் வந்தாப் பிறகு சப்பாத்துப் போட்டா ஒரு மாதிரிக் கிடக்கு. இனி அவன்ரை வழிதான்.”

அம்மா சிரித்தார். நீங்கள் போன பிறகு அம்மா சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருக்க என்னைப் பழக்கியவர் நீங்கள்.

எல்லோரும் மான் வேட்டைக்கு மரத்தில் கதிரை கட்டுவார்கள். உங்களுக்கு அது போதாது. இடுப்பையும் தொடையையும் சுற்றிப் பட்டி மாட்டி, அதைக் கயிற்றால் மரத்தோடு கட்டிச் சாய்ந்து தொங்கும் சாடில் வேண்டும் என்றீர்கள். அதற்கான ஆங்கிலம் முழுவதையும் நான்தான் வாசித்தேன். நீங்கள் சோபாவில் படுத்துக்கொண்டு, “சுருக்கமாச் சொல்லு பிள்ளை” என்பீர்கள். எனக்குக் கணிதச் சோதனை இருந்தது. ஒரு நாளாவது கேட்டீர்களா?

சுருக்கமாகத்தான் சொன்னேன். சாடிலில் உடம்பின் பாரம் பாதி பட்டியில், மீதி காலில். ஆகவே காலுக்குக் கீழே என்ன வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஒன்று, மரத்தில் இறுக்கிக் கட்டும் சிறிய தட்டு. பாதம் முழுவதும் அதில் படும், நீண்ட நேரம் நிற்கலாம், ஆனால் மரத்தின் பின்பக்கம் திரும்புவது கஷ்டம். மற்றது, மரத்தைச் சுற்றி மாலை போலக் கட்டும் ஐந்தாறு சின்ன இரும்புப் படிகள். மரத்தைச் சுற்றி நடக்கலாம், ஆனால் பாரம் எல்லாம் பாதத்தின் ஒரு கோட்டில் விழும். தடித்த அடியுள்ள சப்பாத்து இல்லாமல் அதில் நிற்கவே கூடாது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். நான் அதைக் கொப்பியில் எழுதி, கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அந்தக் கொப்பி இப்போது என் மடியில் இருக்கிறது.

“ரெண்டையும் வாங்குவம். ஏறிப் பாத்து எது சுகமோ அதை வைப்பம்” என்றீர்கள்.

எது சுகம் என்று உங்கள் காலைக் கேட்டு முடிவெடுக்கப் போனோம். உங்கள் கால் பேசாது என்று எனக்கு அப்போதே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் உங்கள் நீரிழிவுக்காக டொக்டரிடம் போனபோது மொழிபெயர்க்க நான் வந்தேன். காரை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: “டொக்டர் காலிலை நூலாலை தொட்டுப் பாப்பார். கண்ணை மூடச் சொல்லுவார். நூல் படேக்கை நீ மெதுவா ஒருக்கால் இருமு.”

“ஏன் அப்பா?”

“தெரியேல்லை எண்டா நிண்டு செய்யிற வேலையை விடு எண்டுவார். மரத்திலை ஏறாதை எண்டுவார். வேறை என்ன தெரியும் அவைக்கு?”

நான் இருமினேன். பெருவிரலில் நூல் பட்டது, இருமினேன். “யெஸ்” என்றீர்கள். குதிக்காலில் பட்டது, இருமினேன். “யெஸ்.” டொக்டர் என்னைப் பார்த்து, தடிமனா, சளியா என்று கேட்டு, தொண்டைக்கு ஒரு இனிப்புத் தந்தார். நீங்கள் காரில் ஏறிய பிறகு கதவில் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். “நடிகை” என்றீர்கள். நானும் சிரித்தேன். அதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

தட்டும் படியும் வந்த நாள் வெள்ளிக்கிழமை. புதுச் சாமான் என்று அம்மா இரண்டையும் சாமித்தட்டுக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். கார் வாங்கியபோதும் அப்படித்தான், என் லாப்டொப்புக்கும் அப்படித்தான். பிறகு சொன்னார்: “சாமிக்கு வைச்ச சாமான். முதல் நாளே சப்பாத்தோடை ஏறி மிதிச்சுப்போடாதேங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை யூனியன்வில்லில் குணா அங்கிள் வீட்டுப் பின்வளவில், மேப்பிள் மரத்தில் இரண்டையும் நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் கட்டினோம். நீங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேஸோடு, வெறும் காலுறையோடு, நின்றீர்கள்.

“அப்பா, சப்பாத்துப் போடோணும். எழுதிக்கிடக்கு.”

“கொம்மா சொன்னதைக் கேட்டனிதானே?”

குணா அங்கிள் சிரித்தார். “அவன் மானை விட மனிசிக்குத்தான் பயம்.”

முதலில் தட்டில் நின்றீர்கள். இரண்டு தரம் கால் விளிம்புக்கு வெளியே போய் வழுக்கியது. குனிந்து குனிந்து உங்கள் காலைத் தேடினீர்கள். அங்கிள், “என்னடா, காலைத் துலைச்சிட்டியே?” என்று பகிடி விட்டார். அவர் பகிடி என்று நினைத்ததுதான் உண்மை. தட்டு எங்கே முடிகிறது என்று உங்கள் பாதத்துக்குத் தெரியவில்லை.

பிறகு வளையப் படிகளுக்கு மாறினீர்கள். கால் வழுக்காமல் இருக்க அந்தப் படிகளில் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கிறது. சப்பாத்தின் அடியைக் கடிக்க வைத்த பல் அது. உங்கள் மேஸைக் கடித்தது, மேஸுக்குள் இருந்த பாதத்தையும் கடித்தது. வழுக்கவில்லை. மரத்தைச் சுற்றி நடந்தீர்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்து அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கேட்டேன்.

“கால் நோகுதா?”

“ஒண்டுமில்லை. பஞ்சு மாதிரிக் கிடக்கு.”

கொப்பியில் எழுதினேன்: வளையப் படி, மிகவும் சுகம். என் கையெழுத்துத்தான். அழகாக எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து சப்பாத்தை மரத்தடியில் விட்டுவிட்டுத்தான் ஏறினீர்கள். சத்தம் வராது, மானுக்குக் கேட்காது என்று புதுக் காரணமும் கண்டுபிடித்தீர்கள். வடக்கே ஒரு கமக்காரரின் தோட்டக் காணியில் நாலு சனிக்கிழமை தொங்கினீர்கள். ஒரு மானும் வரவில்லை. நாலாவது சனிக்கிழமை வீட்டுக்கு வந்து இந்தக் குளியலறையில்தான், இந்தத் தொட்டியின் விளிம்பில்தான் இருந்தீர்கள். பல்லுத் தேய்க்க வந்த நான் பார்த்தேன். சாம்பல் நிற மேஸின் அடி கறுத்து விறைத்துப்போய் இருந்தது. கழற்றியபோது பாதத்தின் நடுவில் ஒரு பள்ளம். நீங்களும் அப்போதுதான் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியதை நான் கண்டேன்.

“அம்மாட்டைச் சொல்லாதை” என்றீர்கள். “மருந்து போட்டா ரெண்டு நாளிலை மாறியிடும். அவளுக்குத் தெரிஞ்சா தான் வைச்ச சந்தனத்தை நினைச்சே செத்துப்போவாள்.” மேஸை என் கையில் தந்து, “குப்பையிலை போடு” என்றீர்கள்.

எவ்வளவு கெட்டித்தனமாக என் வாயைக் கட்டினீர்கள். அம்மாவுக்காக என்று சொன்னால் நான் பேச மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டு நாளில் மாறவில்லை. பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். எதனால் என்று அங்கே கேட்டபோது, “வேலைச் சப்பாத்துக் கடிச்சது” என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னீர்கள். சொன்னேன். பெருவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள். பிறகு நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான்.

செத்தவீடு முடிந்த அன்று அம்மா உங்கள் வேலைச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் குழாய்க்குள் போட்டார். பதினோராம் மாடியிலிருந்து அது இடித்து இடித்துக் கீழே போன சத்தம் கேட்டது. “நாசமாப் போன சப்பாத்து” என்று அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை அப்பா. அதைப் போட்டுக்கொண்டு ஏறியிருந்தால் நீங்கள் இன்றைக்கு இருந்திருப்பீர்கள்.

நாளைக்கு குணா அங்கிள் வருவார். இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவார். வெறுங்காலோடு ஏறி, பஞ்சு மாதிரிக் கிடக்கு என்பார். இதைத் தடுக்க நான் என்னென்னவோ யோசித்தேன். பையை ஒளிக்கலாம். அவர் புதிதாக ஒன்று வாங்குவார். பட்டியை வெட்டலாம். அவர் வேறு பட்டி போடுவார். படி எதுவாக இருந்தாலும் அவர் சப்பாத்தைக் கழற்றுவார், ஏனென்றால் நீங்கள் அவருக்குச் சொல்லிவைத்துப் போயிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது பொய் என்று யாராவது சொல்ல வேண்டும். அது தெரிந்த ஆள் நான் மட்டும்தான்.

அவருக்குச் சொன்னால் அம்மாவுக்கும் தெரியவரும். இருமியது தெரியும், மேஸ் தெரியும், சந்தனம் வைத்துச் சொன்ன அந்த ஒரு சொல்லும் தெரியும். நீ அப்பவே சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பார் என்று அம்மா ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அதுதான் என் பயம். இவ்வளவும் எழுதியது அந்த ஒரு வரியை எழுதத்தான்.

மேஸை நான் குப்பையில் போடவில்லை. உங்கள் சொல்லைக் கேட்காத ஒரே இடம் அதுதான். என் பழைய பென்சில் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வீடு மாறினாலும் கொண்டுபோயிருப்பேன், ஏன் என்று தெரியாமலே.

இப்போது அதை எடுத்துக் குசினி மேசையில், அம்மா வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்தில் ஒரு இரும்புப் படியும் கொப்பியும் இருக்கின்றன. கொப்பியில் என் அழகான எழுத்தை வெட்டிவிட்டு, கீழே எழுதியிருக்கிறேன்: அப்பாவுக்குக் காலில் உணர்ச்சி இருக்கவில்லை. எனக்குத் தெரியும்.

காற்றாடியை நிறுத்திவிட்டேன். அம்மாவின் அலாரம் அடித்து நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போகிறது. லைட் போடுகிறார். கேத்தில் கொதிக்கும் சத்தம் இன்னும் வரவில்லை.

“பிள்ளை?” என்கிறார். “பிள்ளை, இஞ்சை வா.”

தொண்டை கரகரக்கிறது அப்பா. இருமாமல் எழும்புகிறேன்.