உன்னிச்சைக் குளக்கட்டில் சொன்ன பொய்

தேற்றாத்தீவு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கஜானிக்கு,

கொம்புச்சந்திப் பிள்ளையாரின் காவலில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்துப் பேர்கனில் நீயும் மருமகன் சிவதர்ஷனும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளுக்கு இரண்டு தரம் வட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறவள் இதென்ன புதினமாகக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். மூன்று தரம் சொல்ல வாயெடுத்தேன் மகள். மூன்று தரமும் நீ பிள்ளையைத் தூக்கிக் காட்டினாய், நான் அங்கே மழையா, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை, அதனால்தான் பிள்ளை பெற்ற உடம்புக்கென்று இடித்த சரக்குத்தூள் பார்சலுக்குள் இதை வைக்கிறேன். பிள்ளை உறங்கும் நேரமாகப் பார்த்து ஆறுதலாக இருந்து வாசி.

உனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, பிள்ளைப்பேற்றுக்கு வாங்க அம்மா, மூன்று மாதம் நின்று போகலாம் என்று கேட்டாய். எனக்கு லீவு தரமாட்டார்கள், என் இடத்தைப் பார்க்க ஆளில்லை என்று சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை மகள். ஒரு பேப்பர்கூட எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக மருத்துவிச்சியாக வீடுவீடாக ஏறி இறங்கி, யார் யாருடைய பிள்ளையையோ தராசில் நிறுத்து, ஊசிக்குக் கூப்பிட்டு, தாய்மாரின் அழுகையையும் மாமிமாரின் வாயையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. கைக்குழந்தை அழுகிற சத்தமே கேட்காத ஒரு இடத்தில் கொஞ்ச நாள் கிடந்தால் போதும் என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். என் மகளுடைய பிள்ளையும் எனக்கு இன்னொரு வேலை மாதிரித் தெரிந்துவிட்டது. இப்படி நினைத்த தாய் உலகத்தில் இருப்பாளா? இருக்கிறாள், உனக்கு வாய்த்திருக்கிறாள்.

இனிக் கேள். உனக்குப் பிள்ளை பிறந்த கிழமை எங்கள் டொக்டர் அம்மா லீவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, என்ன மிஸ், இவ்வளவு லீவு கிடக்கு, பென்சனுக்குப் போகக்குள்ள தலையில வச்சிக்கிட்டா போகப்போறீங்க, கொஞ்சம் எடுங்களன் என்று சிரித்தா. என்னோடு வேலை செய்யும் காத்தான்குடி றஸீனாவும், நீங்க போங்க அக்கா, உங்கட ஏரியாவ நான் பாக்கன் என்றா. லீவு தரமாட்டார்கள் என்று உனக்குச் சொன்ன அந்த லீவை இப்படி என் கையில் பிடித்துத் திணித்தார்கள். அப்போதாவது உனக்குப் போன் எடுத்து, அம்மா வாறன் புள்ள என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் ஒரு கிழமை லீவில் வீட்டில் நின்றேன்.

அந்தக் கிழமையைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன், நல்ல சந்தோசமாகத்தான் இருந்தேன். முதல்நாள் எட்டு மணிவரை உறங்கினேன், அப்பா பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு, செத்திட்டியோ எண்டு ரெண்டு தரம் வந்து பாத்தன் என்றார். வாவி நண்டு வாங்கி முருங்கை இலை போட்டுக் காய்ச்சினோம். பின்னேரம் கடற்கரையில் நானும் அவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம், ஊர்ச்சனம் பார்த்துச் சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டேன். ஒருநாள் பஸ்ஸில் கல்லடிக்குப் போய் ஐஸ்கிறீம் குடித்தோம். அப்பாவின் பல்லுக்குக் கூசி அவர் அதை வாய்க்குள் உருட்டிய கோலத்தைப் பார்க்க வேணும். ஸ்கூட்டியில் சாவி போடாமல் ஒரு கிழமை! அவ்வளவு சொகுசாக இருந்தது.

வியாழக்கிழமை உன்னிச்சைக்கு கந்தப்போடி மாமா வீட்டுக்குப் போனோம். மாமாவின் சிறுபோக வெள்ளாமை பச்சைப்பசேலென்று நின்றது. மாமாவின் மனைவி, என் மச்சாள், சட்டித் தயிரும் தேனும் தந்தா, வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குளக்கட்டு மரநிழலில் பாயை விரித்துப் படுத்தேன். நல்ல காற்று. அந்த நேரம்தான் நீ எடுத்தாய். உனக்கு அங்கே காலை. நான் படத்தை மறைத்துவிட்டுக் குரலில் மட்டும் கதைத்தேன். அம்மா, புள்ள பால் குடிக்காளில்ல, கடிச்சிக் கடிச்சி விட்டிட்டு அழுறாள், எனக்குப் புண்ணாப் போச்சு, விடிய விடிய நான் உறங்கல்ல என்று நீ அழுதாய். நான் கிளினிக்கில் நிற்கிறேன், சனம் நிறைய, அங்கத்தைய நேர்ஸிடம் கேள், பிறகு எடுக்கிறேன் என்றேன். லீவில் நிற்கிறேன் என்றால், அப்போ லீவு இருந்ததா அம்மா என்று நீ கேட்பாய் என்ற பயம். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். அதற்கு நீ சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது. பரவாயில்ல அம்மா, நீங்க வேலையப் பாருங்க, களைச்சிப்போவீங்க, தண்ணி குடிச்சிக்கிங்க என்றாய்.

போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்தார். ஏன் புஸ்பம் அப்பிடிச் சொன்னாய் என்று மட்டும் கேட்டார். இரவைக்கு எடுத்து ஆறுதலாகக் கதைக்கிறன் என்றேன். ஆனால் தயிர் தின்ற மயக்கத்தில் உறங்கிவிட்டேன், மாமா வீட்டிலேயே பொழுதுபட்டு, வீட்டுக்கு வந்து இறங்க நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எடுத்தேன், உன் போன் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை மருமகன் எடுத்துச் சொன்னார், பிள்ளைக்கு நிறை குறைந்து, உடம்பில் தண்ணீர்த்தன்மை இல்லாமல் வார்டில் வைத்திருக்கிறார்கள், சேலைன் ஏறுகிறது, போத்தல் பால் தொடங்கிவிட்டார்கள் என்று.

பிள்ளை தேறிவிட்டாள், நிறையும் ஏறிவிட்டது, கடவுளுக்குப் புண்ணியம். ஆனால் அதற்குப் பிறகு நீ ஒரு கதை கதைக்கத் தொடங்கியிருக்கிறாய், அதுதான் என்னை உறங்கவிடவில்லை. என்ட உடம்பு சரியில்ல போல அம்மா, ஒரு புள்ளைக்குப் பால் குடுக்கக்கூட எனக்கு ஏலாமப் போச்சு, நானெல்லாம் என்ன தாய் என்றாய். போன கிழமையும் சொன்னாய். நான் ம் கொட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அது உன் குற்றமில்லை என்று தெரிந்துகொண்டே வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

லீவு முடிந்து வேலைக்குப் போன திங்கட்கிழமை, களுதாவளையில் விதுர்ஷா என்ற ஒரு இளம் தாயின் வீட்டுக்குப் போனேன். பெற்றுப் பதினொரு நாள். உனக்கு வந்த அதே கரைச்சல், அதே புண், அதே அழுகை. பாயில் இருந்து, பிள்ளையை அவளின் வயிற்றோடு வயிறாக அணைத்து வைத்து, வாயை நன்றாக ஆவென்று திறக்கும்வரை பொறுத்து, காம்பு மட்டுமில்லாமல் கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டினேன். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை மகள். அந்தக் குஞ்சு மடக்கு மடக்கென்று குடித்தது. அவளின் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, பெத்த தாய்கூட இப்பிடிப் பாக்கமாட்டா மிஸ் என்றா. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து, தெருக்கரையில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன்.

ஆகையால் இதை நன்றாக வாசி, இரண்டு தரம் வாசி. உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கால் மணித்தியாலம் படத்தைப் போட்டு உனக்குக் காட்டித் தந்திருந்தால் பிள்ளை வார்டுக்குப் போயிருக்கமாட்டாள் என்றுதான் என் மனது சொல்கிறது. முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்ததை, நீ அழுது கேட்ட நேரம், பாயில் படுத்துக்கொண்டு தரமாட்டேன் என்றவள் நான். பிழை என்னுடையது. இனி அதை நீ சுமக்காதே, சிவதர்ஷனின் அம்மா ஏதும் சொன்னாலும் சுமக்காதே. இப்போதும் பிந்தவில்லை, போத்தல் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பிள்ளையை மார்பில் போடு, அங்கே பால் கொடுக்க உதவும் நேர்ஸிடமும் காட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கூடாவிட்டாலும் போகட்டும், போத்தலில் வளர்த்தாலும் நீ தாய்தான், உன்னில் ஒரு துளி குறையாது.

நேற்று முன்தினம் மூன்று மாத லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். டொக்டர் அம்மா வாசித்துவிட்டு அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டா. ஒரு கேள்வி கேட்கவில்லை. இவ்வளவுதான் வேலை என்று தெரிந்தபோது செருப்பால் அடித்தமாதிரி இருந்தது. டிக்கெட்டுக்கோ விசாவுக்கோ இன்னும் ஒன்றும் செய்யவில்லை, உன் விருப்பத்தைக் கேட்காமல் வந்து நிற்க எனக்கு முகமில்லை. வாங்க என்றால் வாறன். இப்போது என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லு, கோபமாகச் சொல்லு, பேசு, எல்லாம் கேட்பேன். பரவாயில்லை அம்மா என்று மட்டும் சொல்லாதே. வேலையில் நிற்கிறேன் என்று நம்பித்தான் நீ அந்த வார்த்தையை எனக்குச் சொன்னாய், உண்மை தெரிந்த பிறகும் உடனே அதைத் தந்துவிடாதே.

அப்பா உனக்கும் மருமகனுக்கும் அன்பு சொல்லச் சொன்னார். பேத்திக்கு நெற்றியில் என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும். சரக்குத்தூளை ஈரக் கரண்டி போடாமல் எடு, நாளுக்கு ஒருதரம் மீனோடு காய்ச்சிக் குடி, நான் கோபப்படுத்திவிட்டேன் என்று அதைக் கொட்டிவிடாதே, அது உன் உடம்புக்கு. உன் அழைப்பு வந்தால் இனி எங்கே நின்றாலும் படத்தைப் போட்டுத்தான் எடுப்பேன், நான் நிற்கும் இடத்தை நீயே பார்த்துக்கொள்.

கூப்பிட்ட நேரம் வராத,
உன் அம்மா
புஸ்பம்