தேங்காய் எண்ணெய் குடித்த துப்பாக்கி

கொழுந்தனாக என் வீட்டுக்கு வந்து, என் கையில் சோறுண்டு, கூடப்பிறந்த தம்பியாகவே போய்ச் சேர்ந்த சுடலைமுத்துவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது. அதனால் எங்களைப் பற்றிச் சொல்கிறேன். என் மகன் கணேசனுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரேவதிக்குச் செம்பூர் ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. நம் வீட்டில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் என் பேத்தி. தெருவில் யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன். கணேசன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நம் சங்கத்து மலரில், இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதலாம் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ரேவதியை எழுதச் சொல்லலாம் என்றால் அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் நானே எழுதுகிறேன். ஊரே படித்தாலும் பரவாயில்லை. உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் தம்பி. உன் நீளத் துப்பாக்கியை நான் கெடுத்துவிட்டேன்.

படிக்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது. நீ சேர்த்தவை எல்லாம் காற்றால் சுடுகிறவை. லைசென்ஸ் கேட்காத வகை. வாங்கிய காகிதங்களையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாய். கைத்துப்பாக்கி ஐந்து, நீளத்தது ஒன்று. பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். கைத்துப்பாக்கிகள் போலீஸ்காரர் இடுப்பில் இருப்பது போல. நீளத்தது அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர் தோளில் தொங்குவது போல, மரக்கட்டையும் தோல்வாருமாக. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் ஸ்பிரிங், கேஸ் குப்பி, மிளகு அளவுக்கு ஈயக்குண்டு. அதை நீ சர்ரா என்பாய்.

அசல் மாதிரி இருந்ததால் பட்ட பாடு கொஞ்சமா? ஒருநாள் நீ கட்டிலில் துணி விரித்துக் கறுப்புக் கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்தவர், மீட்டரைப் பார்க்காமலேயே போய்விட்டார். அந்த மாதம் பில் வரவில்லை. “தம்பி, மாசாமாசம் அந்தக் கட்டில்லயே உக்காந்து தொடைச்சுக்கிட்டு இரு” என்று நான் சொன்னதற்கு நீ சிரித்த சிரிப்பு. அதன்பிறகு கதவைச் சாத்தாமல் ஒன்றையும் வெளியே எடுத்ததில்லை. தெருவில் இறங்கினால் உறைக்குள்தான், அதுவும் காலியாகத்தான். நீ வேலை பார்த்த தோல்பட்டறையில் வெட்டிப் போட்ட துண்டுகளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் நீயே உறை தைத்திருந்தாய். சொந்தமாக ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொள்ளாத ஆள் நீ.

போன வருஷம் ஆவணியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துச் சொன்னாய். “மைனி, சின்னது அஞ்சும் உங்க இஷ்டம். நீளத்தது மட்டும் ஞாயித்துக்கெழம எங்கூடச் சுடுத விலாஸுக்கு. தலைத்திவசம் முடிஞ்சு வார ஆயுத பூசைக்கு, நம்ம வீட்டுல ஒருக்க பொட்டு வச்சுட்டுக் குடுங்க. நல்லபடியாக் குடுக்கணும், என்ன?”

“குடுத்துருவேன். நீ கண்ணை மூடித் தூங்கு” என்றேன். உன் அண்ணன் போனபிறகு இந்த வீட்டைத் தாங்கியவன் நீ. நீ என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

இந்தப் புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. கணேசனின் தையல் மெஷின், என் அரிவாள்மணை, ரேவதியின் லேப்டாப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். நடுவில் உன் துப்பாக்கி. அதைப் பார்க்கப் பார்க்க மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டை விட்டுப் போகிற பிள்ளை. எண்ணெய் தேய்க்காமல் எந்தப் பிள்ளையை நான் அனுப்பியிருக்கிறேன்? தேங்காய் எண்ணெயை எடுத்து மரக்கட்டை முழுக்கத் தேய்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். தையல் மெஷினுக்கு ஓட்டை ஓட்டையாக எண்ணெய் விடுகிற கை அல்லவா? குழாயை மடக்குகிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. அதிலும் விட்டேன். ஒரு கரண்டி இருக்கும்.

பூசை முடிந்ததும் நீ ஒவ்வொரு வருஷமும் களிமண் அடைத்த பிஸ்கட் டின்னில் ஒரே ஒரு குண்டு சுடுவாய். “சின்னத் தாத்தா சுடுவாருல்லா ஆச்சி, இந்த வருசம் நான் அடிக்கேன்” என்றாள் ரேவதி. குழாயை மடக்கிக் குண்டைப் போட்டு, டின்னைப் பார்த்து அழுத்தினாள்.

எப்போதும் டப் என்று ஒரு சத்தம்தானே வரும்? அன்றைக்கு வெடித்தது பார், அணுகுண்டு. குழாய் முனையில் வெள்ளைப் புகை. வீடெங்கும் தேங்காய் எண்ணெய் கருகிய வாசனை. ரேவதி துப்பாக்கியைக் கட்டிலில் வைத்துவிட்டு, “ஆச்சி, இது அசலா?” என்று கேட்கிறாள்.

எதிர்வீட்டுப் பாத்திமா ஓடி வந்தாள். “க்யா ஹுவா அம்மா? சிலிண்டர் ஃபட்டா க்யா?”

கேஸ் சிலிண்டர் வெடித்ததா என்கிறாள். சிலிண்டர் இல்லை, பந்தூக், அதாவது துப்பாக்கி, என்று நான் சொன்னது இன்னும் பெரிய தப்பாகிவிட்டது. தெருவே வாசலில் நின்றது. உன் காகிதங்கள் இருந்த உறையை எடுத்து ஒவ்வொருவருக்கும் காட்டி, சுண்டலும் கொடுத்து அனுப்பினேன்.

கூட்டம் போனபிறகு ரேவதி இன்னொரு குண்டு போட்டாள். இந்த முறை புஸ் என்றது. குண்டு குழாய் முனையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். உள்ளே இருக்கிற காற்று நசுங்கும்போது சூடாகுமாம். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளுமாம். காற்றை அடைத்து நிற்கிற ரப்பர் வளையம் வெந்துபோயிருக்கும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விலாஸிடம் கொடுப்பதாக இருந்தது. நல்லபடியாகக் கொடுப்பேன் என்று உன்னிடம் சொன்னவள் நான்.

“எம்மா, ஒண்ணுஞ் சொல்லாமக் குடுத்துரு. அவரு வீட்டுல போயிக் கெட்டுச்சுன்னு நெனச்சுக்கிடுவாரு. பழசுதான?” என்றான் கணேசன்.

“ஏல, அப்படிக் குடுக்கதுக்கு நான் எதுக்கு? நீயே கொண்டுபோயிக் குடுத்துரலாமே” என்றேன். வாயால் அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி. சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கும் வந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு தடவை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேவதியோடு ஆட்டோ பிடித்து, செம்பூர், கோவண்டி தாண்டி மான்குர்தில் விலாஸின் கொட்டகைக்குப் போனேன். இருபது வருஷமாக நீ ஞாயிறுதோறும் போன இடம். நான் வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே கடைசிச் சுவரில் பழைய மெத்தைகள், அதற்கு முன்னால் மரப்பலகை, அதில் குத்திய அட்டைகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலு பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உன் மரியாதை அது, என்னுடையது இல்லை.

“ஆவோ வஹினி” என்று வரவேற்றார் விலாஸ். அவர்கள் மராத்தியில் அண்ணன் மனைவியை வஹினி என்றுதான் கூப்பிடுவார்களாம். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த இந்தியில், எண்ணெய், ஓட்டை, புகை, பாத்திமா எல்லாவற்றையும்.

அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். துப்பாக்கியை மேசையில் பொருத்தி, திருகைக் கழற்றி, முழ நீள ஸ்பிரிங்கை மெதுவாக வெளியே விட்டார். கருகிச் சுருங்கிய வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இந்த மாதிரி துப்பாக்கி செய்வதையே நிறுத்திவிட்டார்கள் வஹினி. இந்த வளையம் இப்போது கிடைக்காது” என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் பதறிப்போனார். “அந்தக் காலத்தில் இதற்குத் தோல்தான் போடுவார்கள். கிண்ணம் மாதிரி செய்த கெட்டித் தோல். நல்ல ஆள் செய்தால் ரப்பரை விட நன்றாகவே அடைக்கும்” என்றார்.

தோலா? தோலுக்குப் பேர்போன தாராவிக்காரியிடம் வந்து தோல் என்கிறாரே! கருகிய வளையத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக உன் பட்டறைக்குப் போனேன். உன் இடத்தில் இப்போது மாரியப்பன் உட்கார்ந்திருக்கிறான். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பை கேட்டு வருவாங்க, பெல்ட்டு கேட்டு வருவாங்க. துப்பாக்கிக்குத் தொப்பி கேட்டு வந்தது நீங்கதான் ஆச்சி” என்றான். கெட்டித் தோலை ஊறவைத்து, இரும்புக் குழாய்க்குள் அழுத்தி, காயவிட்டு வெட்டினான். முதலில் செய்தது பெரிதாகிவிட்டது. இரண்டாவது தளர்ந்துவிட்டது. மூன்றாவதுதான் உட்கார்ந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மான்குர்துக்கும் தாராவிக்கும் நடையாய் நடந்தேன்.

“இதை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும்” என்றார் விலாஸ்.

“எந்த எண்ணெய்?” என்றேன்.

நாலு பேரும் ஒரே குரலில், “தேங்காய் எண்ணெய் வேண்டாம் வஹினி!” என்றார்கள்.

துப்பாக்கியைப் பூட்டி முடித்ததும், முதல் குண்டை நான்தான் சுட வேண்டும் என்று விலாஸ் பிடிவாதம் பிடித்தார். “கெடுத்தவரே சோதித்துப் பார்க்கட்டும்.” நாற்காலி போட்டு, மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டினார். மூச்சை இழுங்கள், பாதியை விடுங்கள், அங்கேயே நில்லுங்கள், அப்புறம் மெதுவாக அழுத்துங்கள் என்றார்.

தம்பி, இதை எப்படிச் சொல்வது? மூச்சைப் பாதி விட்டு நின்றபோது எல்லாம் நின்றது. வெளியே போன ரயில், ரேவதியின் பேச்சு, என் முழங்கால் வலி, எல்லாம். ஒரு கறுப்பு வட்டமும் நானும் மட்டும் இருந்தோம்.

டப்.

உனக்கு நாற்பது வயசு இருக்கும்போது, சின்னப் பிள்ளை மாதிரி பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடினால் எவள் உனக்கு வாக்கப்படுவாள் என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ உறையை மூடிவிட்டுப் பரண் ஏறிப் போனாய். ஒரே அறையில் ஒன்பது பேர் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க மெஷின் ஓடும். உனக்கென்று ஒரு மூலை நான் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. அந்த அரை மூச்சு மட்டும்தான் உனக்குச் சொந்தமாக இருந்ததா? அதற்காகத்தான் ஞாயிறுதோறும் போனாயா? தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா?

ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்திருந்தன. “பஹிலி பார்?” முதல் தடவையா என்று ஒருவர் வாயைப் பிளந்தார். “எங்க ஆச்சியாக்கும்” என்றாள் ரேவதி, அவருக்குப் புரியாத தமிழில். அந்த அட்டையைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்காமல் போக முடியாது.

பிறகு கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. விலாஸ் என் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்குப் பிடித்திருக்கிறது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் வஹினி. நான் கேட்கமாட்டேன்” என்றார். மனசாரச் சொன்னார். சுடாதவளாக இருந்திருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். சுட்ட பிறகு என் கை அதை விட மறுத்தது. இரண்டு நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் எழுந்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். நல்லபடியாகத்தான் கொடுத்தேன் தம்பி. சுட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

சின்னது ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. என் இஷ்டம் என்று சொன்னாய் அல்லவா? என் இஷ்டம் என்னவென்றால், மாதத்தில் ஒரு ஞாயிறு அதில் ஒன்றை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மான்குர்துக்குப் போவது. தை மாதம் அவர்களுக்குள் ஒரு சின்னப் போட்டி வைக்கிறார்கள். போட்டிப் பட்டியலில் உன் பெயரை அப்படியே வைத்து, உனக்குப் பதிலாக என்னைச் சுடச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். நீ சுட்டதெல்லாம் நீ சுட்டதாகவே இருக்கட்டும். பேச்சியம்மாள் என்று என் பெயரை நானே தமிழில் அந்தப் பட்டியலில் எழுதிவிட்டு வந்தேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தையில் போட்டி முடிந்து வந்ததும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வேன். வட்டத்துக்குள் பட்டதைப் பட்டது என்பேன். சுவரில் போனதைச் சுவரில் போனது என்பேன். ஒன்றைக்கூட மறைக்கமாட்டேன்.

உன் அண்ணன் பெண்டாட்டி, உன் மைனி,
பேச்சியம்மாள்
தாராவி