ஷிராஹோவுக்கு வேறு குரல்

நெரிமா, நவம்பர் 19

அன்புள்ள யசுநோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலமாகவே இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அந்த வான்கூவர் மழையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் சாமி அலமாரி முன்னால் கைதட்டிக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். குழந்தைக்கு இருமல் விட்டதா? இஞ்சியும் தேனும் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாயா, இல்லை அங்கே எல்லாவற்றுக்கும் மாத்திரைதானா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உன் அப்பாவின் முழங்கால் மழைக்கு முந்தின நாளே முனக ஆரம்பிக்கிறது, முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டிய கால் சும்மா விடுமா. முள்ளங்கி வாங்கிக் கயிற்றில் கட்டி மாடியில் காயப்போட்டிருக்கிறேன், ஊறுகாய்க்கு. உனக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணிப் பத்து அதிகமாக வாங்கினேன், வாங்கிய பிறகுதான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் போனை நான் எடுக்கவில்லை. அப்பாதான் எடுத்து, "அம்மா குளிச்சிட்டிருக்கா" என்று சொன்னார். மூன்று வாரமாக ஒருத்தி குளித்துக்கொண்டே இருப்பாளா என்று நீயும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே உனக்குக் காரணம் தெரியும் என்று எனக்குப் பட்டது. உனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் முதலிலிருந்து படி, நடுவில் தாவாதே.

அந்த விளையாட்டைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ எனக்குச் சொன்னதுதான் எல்லாம். தொலைக்காட்சியில் வந்த ராட்சத ரோபோத் தொடர்களையெல்லாம் ஒரே போர்க்களத்தில் சேர்த்துவிடுகிற விளையாட்டு, நீ கல்லூரி சேர்ந்த வருஷம் முதல் புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்கிறது, கையில் பிடித்து ஆடும் குட்டிப் பெட்டியில் தொடங்கி இன்றைக்கு எத்தனையோ பெட்டி மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இந்த முறை எந்தெந்தத் தொடர் சேர்கிறது என்ற பட்டியல் வந்ததும் நீ போன் செய்வாய். "இந்தத் தடவையும் நம்ம ஹகுரைமரு இல்லம்மா" என்பாய். என்னைவிட உனக்குத்தான் ஏமாற்றம் அதிகமாக இருக்கும். மூன்று விமானங்கள் சேர்ந்து ஒரு ரோபோ ஆகும் அந்தத் தொடரில் மூன்றாவது விமானத்தை ஓட்டும் ஷிராஹோவுக்கு நான்தான் குரல். ஐம்பத்தொரு வாரம். அதற்குப் பிறகு பேசும் அணிலுக்கும் மருந்து விளம்பரத்துக்கும் ரயில் அறிவிப்புக்கும் எத்தனையோ குரல் கொடுத்தேன், ஆனால் ஜனங்கள் என்னைத் தேடிக் கடிதம் எழுதியது ஷிராஹோவுக்காக மட்டும்தான்.

ஜூன் மாதம் பட்டியல் வந்தது, ஹகுரைமரு இருந்தது. நீ போன் செய்யவில்லை. ஹிராய்தேதான் செய்தார், முதல் விமானிக்குக் குரல் கொடுத்தவர், எண்பது வயதில் சின்னப் பையன் மாதிரி கத்தினார். "இகுயோ! கூப்பிட்டுட்டாங்கம்மா, கூப்பிட்டுட்டாங்க! வசந்தத்துலயே போய்ப் பேசிட்டு வந்துட்டேன், வெளியில சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டிட்டாங்க. முந்நூறு வரி! அடி வாங்குறது, தப்பிக்கிறது, கூட்டாளி விழுந்தா கத்துறது, ஒண்டி ஆளா கண்ணாடி அறைக்குள்ள நாலு மணி நேரம். நீ எந்த நாள் போன?" என்று கேட்டார். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம், நாற்பது வருஷம் ஆனாலும் முதலில் குரல் கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்வார்கள், அதனால் நானும் போய் வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். என்னை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன். என் முகவர் அலுவலகத்தை மூடியபோது குரல் கலைஞர் சங்கத்துப் பட்டியலில் என் பெயருக்குக் கீழே உன் மெயில் முகவரியைக் கொடுத்தவள் நான்தானே, எனக்கு அந்த மெயில் சமாசாரம் பிடிபடாது என்று. ஏதாவது வந்ததா யசு என்று கேட்டேன். "இல்லம்மா, ஒண்ணும் வரலை. மூணாவது ஆளை வாய் பேசாம வெறும் எழுத்தாவே போட்டிருப்பாங்க, அந்த விளையாட்டுல நிறைய பேர் அப்படித்தான்" என்றாய். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, ஹிராய்தேவுக்குப் போன் போட்டு, பணம் பற்றாக்குறை போலிருக்கிறது, ஷிராஹோவை ஊமையாக்கிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பொய் என்று தெரியாமல் உன் பொய்யை நானே ஊர் முழுக்கக் கொண்டுபோய் விநியோகித்தேன்.

அக்டோபர் கடைசியில், விளையாட்டு கடைக்கு வருவதற்கு ஐந்து நாள் முன்பு, ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நான் மாடியில் மெத்தையை உதறிக்கொண்டிருந்தேன், அழைப்பு மணி அடித்தும் உன் அப்பா அசையவில்லை, தொலைக்காட்சியில் பழைய சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். "காது அடைச்சுப் போச்சா, கதவைத் திறங்க!" என்று மேலிருந்து ஒரு கத்து கத்தினேன். இறங்கி வந்து பார்த்தால் வாசலில் இருபத்துநாலு வயசுப் பெண் ஒருத்தி கறுப்பு உடையில், கையில் பேர்போன கடையின் இனிப்புப் பெட்டியோடு, வெளிறிப்போய் நிற்கிறாள். காப்பீடு விற்க வந்தவள் என்று நினைத்து வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இடுப்பு மடங்க வணங்கி, தன் பெயர் கொமினாதோ ருரி, ஷிராஹோவின் குரலை ஏற்றுக்கொண்டவள், முன்னமே வந்து வணக்கம் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றாள். நான் அந்த இடத்திலேயே செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே உட்கார வைத்துத் தேநீர் ஊற்றினேன். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தபடி, "நீங்களே மனசு வச்சு இந்த வேஷத்தை விட்டுக் குடுத்தீங்கன்னு சொன்னாங்கம்மா, அதுக்கு நன்றி சொல்லாம விளையாட்டு வெளிய வரக் கூடாதுன்னு வந்தேன்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா நீங்க பேச முடியாம இருப்பீங்கன்னு நினைச்சேன். வாசல்ல உங்க குரல் கேட்டதும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அது ஷிராஹோ குரல். அப்படியேதான் இருக்கு" என்றாள். யார் சொன்னது பேச முடியாது என்று, எனக் கேட்டேன். அவள் சொல்லத் தயங்கினாள், நான் விடவில்லை. குடும்பத்திலிருந்து வந்த மெயிலை ஒலிப்பதிவு இயக்குநர் அவளுக்குப் படித்துக் காட்டினாராம், மூத்தவரின் விருப்பத்தை மதித்துப் பேச வேண்டும் என்பதற்காக. "என் தாயாரின் குரல் இப்போது கேட்கும் நிலையில் இல்லை. அவரைத் தொடர்புகொள்ள வேண்டாம். ரசிகர்களின் நினைவில் உள்ள குரல் அப்படியே இருக்கட்டும்." கீழே உன் பெயர்.

யசுநோரி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் குரலோடுதானே பேசினாய்? "குரல் நல்லா கணீர்னு இருக்கும்மா" என்று நீ சொல்லாத வாரம் உண்டா? போன வருஷம் ஜலதோஷத்தில் எனக்குத் தொண்டை கட்டியபோதுகூடச் சொன்னாய். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டாயா? எனக்கு வயதாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், உயர்ந்த இடங்களில் குரல் கொஞ்சம் கீறும், அதுவும் தெரியும். அதைச் சொல்ல வேண்டியது அந்த இயக்குநர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என்னைப் பேச வைத்துக் கேட்ட பிறகு. போதாது என்று அவர் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு ரயில் ஏறி வந்திருப்பேன். என்னை அந்த அறைக்குள்ளேயே விடாமல் கதவைச் சாத்தியது நீ.

அந்தப் பெண் முட்டாள் இல்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "வர்ற வசந்தத்துல கூடுதல் கதைக்கு இன்னொரு பதிவு இருக்கும்மா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் விலகிக்கிறேன், நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் மகன் பொய் சொன்னான் என்றும் சொல்ல வேண்டும், ஒரு அந்நியப் பெண்ணிடம், அவள் கொண்டுவந்த இனிப்பை முன்னால் வைத்துக்கொண்டு. சிரித்தேன். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன், கதவைத் திற என்று கத்துவது வேறு, நாலு மணி நேரம் மைக் முன்னால் கத்துவது வேறு, நீயே பேசு என்றேன். அவள் அழுதுகொண்டே வணங்கினாள். இதில் எனக்கு எது அதிகமாக எரிகிறது என்றால், உன் பொய்யை என் வாயால் உண்மையாக்கினேன், இனி நானே நினைத்தாலும் திருப்பி வாங்க முடியாது. ஐம்பது வருஷம் பிறர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசிப் பழகியவள், நீ எழுதியதையும் பேசிவிட்டேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். விளையாட்டு கடைக்கு வந்த அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய் அதையும் அதை ஆடும் பெட்டியையும் வாங்கி வந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது! எனக்கு வேண்டாம், நான் கேட்க மாட்டேன் என்றேன். "நீ கேக்க வேண்டாம், நான் பாக்கிறேன்" என்று உட்கார்ந்தார். உனக்குத் தெரியும், தொலைக்காட்சியில் கடைசி வாரம் ஷிராஹோ செத்துப்போவாள், ஆனால் இந்த விளையாட்டில் அப்படிச் செத்தவர்களைச் சிலசமயம் காப்பாற்ற முடியும், அதற்கு முன்கூட்டியே சில வேலைகளைச் சரியாகச் செய்து வர வேண்டும். அவளை முன்வரிசையில் நிறுத்திச் சண்டை போட வைத்தால்தான் பிழைப்பாள் என்று ஹிராய்தே போனில் சொல்லிக் கொடுத்தார். உன் அப்பாவோ பஸ் ஓட்டினவர், அவளைப் பத்திரமாகப் பின்னாலேயே நிறுத்தி வைத்தார். அதனால் இரண்டு தடவை செத்தாள். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே இரண்டு தடவையும் கேட்டேன். நன்றாகத்தான் சாகிறாள் அந்தப் பெண். மட்டமாகச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வியாழன் மத்தியானம், "ஏய் இகுயோ, வா, பொழச்சிட்டா!" என்று கூப்பிட்டார். ஓடிப்போய்விட்டேன், என்னை மறந்து. திரையில் ஷிராஹோவைக் கப்பலுக்குள் தூக்கி வந்திருந்தார்கள், கீழே அவள் பேசப்போகும் எழுத்து வந்து நின்றது. "வந்துட்டேன். நான் வந்துட்டேன்." அவ்வளவுதான். நம் தொடரில் இல்லாத வரி, இப்போது புதிதாக எழுதியது. அந்தப் பெண் அதைச் சொன்னாள். உன் அப்பா என்ன நினைத்தாரோ, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வரியைச் சொன்னேன். குரல் கீறவில்லை யசு. அவர் திரும்பாமலேயே, "வா, வா" என்றார். சாதம் வைக்க வேண்டும் என்று நான் எழுந்து போனேன்.

எழுதினவர் யாரோ எனக்குத் தெரியாது, ஆனால் அந்த வரியை முதலில் கேட்டவன் நீ. கடைசி வாரம் ஒளிபரப்பான சனிக்கிழமை நான் வேறொரு பதிவுக்குப் போயிருந்தேன், உனக்கு ஆறு வயது, தனியாகப் பார்த்துவிட்டு அம்மா செத்துவிட்டாள் என்று மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாய், அப்பா எவ்வளவு சொல்லியும் வெளியே வரவில்லை. நான் கதவைத் திறந்து, வந்துட்டேன் என்று சொன்ன பிறகுதான் வந்தாய். வந்து என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாய். அந்தப் பையன்தான் இந்த மெயிலை எழுதினான் என்பதை இத்தனை நாளாக நானும் நம்பாமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

சங்கத்துக்கு நேரில் போய் உன் முகவரியை எடுக்கச் சொல்லிவிட்டேன், இனி எனக்கு வருவது என் வீட்டுத் தபால்பெட்டிக்கு வரும். முள்ளங்கி ஊறுகாய் ஜனவரியில் தயாராகும், அனுப்புகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குழந்தையை ஈரத் தலையோடு வெளியே அனுப்பாதே, நீயும் பல் வலியைத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. நீ, உன் மனைவி, குழந்தை எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், இந்தக் கோபத்திலும் அதை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பதில் போடு, கையால் எழுது. என் நல்லதுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அப்பா எடுப்பார், நான் குளித்துக்கொண்டுதான் இருப்பேன். என் குரல் வேண்டும் என்று உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது விமானம் ஏறி வா. என் எதிரே உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு, கேட்கும் நிலையில் இருக்கிறதா இல்லையா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
இகுயோ