பழைய வண்டியும் உன் வாய் ராசியும்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம்; நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். உன் பெயர் போனில் தெரிந்தாலே அப்பா பிடுங்கிக்கொள்வார். அதனால்தான் கடிதம்.

வண்டி சரியாகிவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்தது நான். முதலில் அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பழைய கார் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? காலையில் வீட்டு வாசலில் ஒரே திருப்பில் கிளம்பும். ஆஸ்பத்திரியிலோ மருந்துக் கடையிலோ நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் செல்ஃப் மட்டும் சுற்றும், என்ஜின் பிடிக்காது. அதுவும் எல்லா நாளும் இல்லை. பேட்டரியை மாற்றினோம், பெட்ரோல் பம்பை மாற்றினோம். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சமர்த்தாகக் கிளம்பும். "நின்னாத்தானேம்மா பார்க்க முடியும்" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

நின்றால் அப்பா உடனே உனக்குப் போன் போடுவார். சாவி என் கையில், பின்னால் நிற்பவர்களின் ஹாரன் என் காதில், பேச்சு மட்டும் உன்னோடு. உன் ஆபீஸ், உன் சளி, உன் வீட்டுக் குழாய் ஒழுகுவது வரை விசாரித்து முடிந்ததும் நீ, "சரிப்பா, இப்ப சாவியைத் திருப்பச் சொல்லுங்க" என்பாய். திருப்புவேன். கிளம்பிவிடும். "பார்த்தியா, அவ வாய் ராசி" என்று வீடு வரும்வரை அதே பாட்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எனக்கு வயிறு எரியும்.

மழை நாட்களில் அது நின்றதே இல்லை என்பது ஒருநாள் எனக்கு உறைத்தது. மெக்கானிக்கிடம் சொன்னேன். என்ஜினில் ஒரு சென்சார் இருக்கிறதாம்; பழசானால் சூட்டில் வேலை செய்யாதாம், ஆறினால் சரியாகிவிடுமாம். அடுத்த முறை நின்றால் அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று இடத்தைக் காட்டினார். மருந்துக் கடை வாசலில் நின்றது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உன் எண்ணைத் தேடுவதற்குள் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தேன். கிளம்பிவிட்டது. ஆக, நீ பேசிய நேரத்தில் வண்டி ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். நீ வாய்ப்பாடு ஒப்பித்திருந்தாலும் கிளம்பியிருக்கும்.

அப்பாவிடம் எல்லாம் விளக்கினேன். கெட்டிக்காரி என்பார் என்று காத்திருந்தேன். "ஓ" என்றார்.

புது சென்சார் போட்டாயிற்று. இப்போது எங்கே நிறுத்தினாலும் கிளம்புகிறது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்ததும் போனைக் கையில் எடுக்கிறார். வண்டி கிளம்பியதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். நேற்று, "நல்லா சூடாகட்டும், இன்னும் ரெண்டு தெரு சுத்திட்டுப் போகலாம்" என்றார். சுற்றினோம், நிறுத்தினோம். கிளம்பித் தொலைத்தது. சும்மாவே அவளைக் கூப்பிடுங்களேன் என்றேன். "வேலையில இருப்பா. வண்டி நின்னாலாவது ஒரு காரணம் இருக்கும்" என்றார்.

தினமும் அவரோடு பேசுகிறவள் நான். அதெல்லாம் அவருக்குப் பேச்சில் சேர்த்தி இல்லை. உன்மேல் எனக்குப் பொறாமைதான், இன்றைக்கும். ஆனாலும் அவர் போனைப் பைக்குள் போடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நீயாகக் கூப்பிடு. வண்டியைப் பற்றிக் கேட்காதே. நான் எழுதியதாகவும் சொல்லாதே. பழைய சென்சாரை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வாரத்துக்குள் உன் போன் வரவில்லையென்றால் அதையே திரும்ப மாட்டச் சொல்லப்போகிறேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

சளிக்கு மருந்து சாப்பிடு. நன்றாக இரு.

உன் அக்கா